பலமான பாத்திரத்தைத் தடை செய்வதா, விடுவதா: சிறு போட்டி நடத்துவோருக்கான செய்முறை

உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு வீட்டு முன்னறையில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடி டெக்கன் 7 போன்ற சண்டை வீடியோ விளையாட்டில் போட்டி வைக்கத் தொடங்கினால், சில வாரங்களிலேயே “அந்தப் பாத்திரத்தை (ஆடுபவர் தெரிவு செய்து திரையில் இயக்கும் சண்டைக்காரரை) எடுக்கக் கூடாது” என்ற முறைப்பாடு எழும். அதை எப்படி விசாரிப்பது என்பதைப் புதிதாகப் போட்டி நடத்துவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் விளையாட்டின் பதிப்பைப் பாருங்கள். வட்டிலிருந்து நிறுவிய பின் இணையத்தோடு இணைக்கப்படாத விளையாட்டு இயந்திரத்தில், தயாரிப்பாளர்கள் எப்போதோ குறைத்துவிட்ட பாத்திரத்தின் பலம் அப்படியே இருக்கக்கூடும். டேட்டா செலவாகும்தான், ஆனாலும் புதுப்பித்த பிறகே விசாரணையைத் தொடங்குங்கள்.

அடுத்து, வெல்வது பாத்திரமா ஆளா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சிறு குழுக்களில் பெரும்பாலான முறைப்பாடுகள் இந்தப் படியைத் தாண்டுவதில்லை. சொந்தக் கரம் பலகையின் சரிவை வீட்டுக்காரர் அறிந்திருப்பது போல, இயந்திரத்தை வீட்டில் வைத்திருப்பவர் தினமும் பழகியிருப்பார். அவர் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் வெல்லக்கூடும். ஆகவே ஒரு வாரம் அவரை வேறு பாத்திரத்தோடு விளையாடச் சொல்லி, முறைப்பாட்டுக்குரிய பாத்திரத்தை நடுத்தரமான வேறு இருவரிடம் கொடுங்கள். யார், யாருக்கு எதிராக, எந்தப் பாத்திரத்தோடு, எத்தனை சுற்று வென்றார் என்பதை ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வந்தால் போதும். ஆள் மாறியதும் வெற்றியும் மாறினால், தடையைப் பற்றிப் பேச அங்கே எதுவுமில்லை.

அந்தப் பாத்திரம் யார் கையிலும் வெல்கிறது என்றால், முறைப்பாட்டைத் துல்லியமாக எழுதச் சொல்லுங்கள்: எந்த அடி, எவ்வளவு தூரத்திலிருந்து, எதைச் செய்தும் தப்ப முடியவில்லை? “எல்லாமே” என்ற பதிலை ஏற்காதீர்கள். விளையாட்டின் பயிற்சிப் பகுதியில் அந்த அடியைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, குனிந்தும், பக்கவாட்டில் நகர்ந்தும், தடுத்தபின் திருப்பி அடித்தும் பாருங்கள். டெக்கனில் ஒரு விநாடிக்கு 60 பிரேம்கள், அதாவது திரையில் மாறும் 60 படங்கள்; மிக விரைவான குத்து பொதுவாக 10 பிரேமில் சென்று சேரும்; எனவே, தடுக்கப்பட்டதும் அடித்தவரை 10 பிரேமோ அதற்கு மேலோ பின்தங்க வைக்கும் அடிக்கு, எதிராளி குத்தெட்டும் தூரத்தில் இருந்தால், உடனடித் தண்டனை, அதாவது தப்ப முடியாத திருப்பி அடி, உண்டு. இதைப் பழகாத குழுவுக்கு எந்தப் பாத்திரமும் வெல்ல முடியாததாகவே தோன்றும்.

விடை தேடியும் கிடைக்காவிட்டால், முன்னுதாரணங்களை நோக்கலாம். 1994இல் வெளியான சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் மறைந்திருந்த அகூமா என்ற பாத்திரம், ஆகாயத்திலிருந்து எறியும் தீப்பந்தத்துக்கு மற்றவர்களிடம் தகுந்த பதில் இல்லாததால், போட்டிகளில் விலக்கப்பட்டது. ஆனால் 2000ஆம் ஆண்டின் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2இல் இருந்த 56 பாத்திரங்களில் மக்னீட்டோ, ஸ்டோர்ம், சென்டினல் போன்ற சிலரே மேலோங்கியிருந்தும், அவர்களைத் தடை செய்யாமலே அந்த விளையாட்டு பல்லாண்டுகள் போட்டியாக நிலைத்தது. அவர்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் ஈடுகொடுக்க முடிந்தது. 2020 ஜனவரியில் நடந்த ஈவோ ஜப்பான் என்ற பெரிய சண்டை விளையாட்டு விழாவின் டெக்கன் 7 போட்டியின் இறுதி எட்டுப் பேரில் ஆறு பேர், முந்தைய டிசெம்பரில் வந்த லீரோய் ஸ்மித் என்ற பாத்திரத்தையே எடுத்திருந்தனர். பின்னர் தயாரிப்பாளர்களே அவரது பலத்தைக் குறைத்தார்கள். 2008இல் வெளியான ஸ்மாஷ் பிராஸ். பிரால் விளையாட்டின் மெட்டா நைட் என்ற பாத்திரத்தைத் தடை செய்ய அமெரிக்க விதிக்குழு ஒன்று முடிவெடுத்தது 2011இல்தான். அதையும் எல்லாப் போட்டிகளும் ஏற்கவில்லை. என் கணிப்பில், தயாரிப்பாளர்கள் இன்னும் மாற்றங்களை வெளியிட்டு வரும் விளையாட்டென்றால் காத்திருப்பதே நல்லது.

தடை அவசியம் என்றே முடிவானால், கண்காணிக்கக்கூடிய தடையாக அது இருக்க வேண்டும். பாத்திரத்தை விலக்கினால் தெரிவுத் திரையிலேயே எல்லோருக்கும் தெரியும். “இந்த அடியை மூன்று முறைக்கு மேல் அடிக்கக் கூடாது” என்ற விதியையோ நடுவர் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணிக்கையைப் பற்றியே சண்டையும் வரும். போட்டி நாளன்று திடீரென்று தடை விதிக்கவே கூடாது. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருபவர் அந்தப் பாத்திரத்தோடு மாதக்கணக்கில் பழகியிருக்கலாம். பஸ் ஏறி வந்த பின் அவரிடம் அதைச் சொல்வது அநியாயம். கொழும்புப் போட்டிகளுக்குப் போக நினைப்பவர்களிடமும் கேளுங்கள், ஏனெனில் அங்கே அந்தப் பாத்திரம் அனுமதிக்கப்பட்டிருந்தால், இங்கே விதிக்கும் தடை அவர்களது பயிற்சியைத்தான் குறைக்கும்.

வாக்கெடுப்பு வைத்தால், அந்தப் பாத்திரத்தோடு விளையாடியவர்களும் அதை எதிர்த்து விளையாடியவர்களும் மட்டும் வாக்களிக்கட்டும். பார்வையாளர்களின் சலிப்பை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். வெறும் பெரும்பான்மையை விட மூன்றில் இரண்டு பங்கு கேட்பதே பாதுகாப்பானது. முடிவை வாட்ஸப் குழுவில் இப்படி எழுதி அனுப்பலாம்: “இந்த விளையாட்டின் இந்தப் பதிப்பில் இந்தப் பாத்திரம் அடுத்த போட்டி முதல் விலக்கப்படுகிறது; புதிய பதிப்பு வந்தால், அல்லது மூன்று மாதம் முடிந்தால், எது முந்துகிறதோ அன்று தடை தானாக நீங்கும்; தொடர வேண்டுமென்றால் மீண்டும் வாக்கெடுக்கப்படும்.”