முதியோர் விபத்து மரணக் கணக்கு: வழக்கமாகச் சறுக்குமிடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் எங்களிடம் வேலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். மக்கள்தொகையால் வகுக்க மறப்பது மாதிரியான பிழைகளை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகத் திருந்திவிடும்.

'65க்கு மேல்' என்று ஒரே மூட்டை கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வகுத்தாயிற்று, விகிதம் வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். ஒரு வட்டாரத்தில் 65 முதல் 84 வயது வரை 1,000 பேர், 85ஐ எட்டியவர்கள் 100 பேர். இளையவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர், மூத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் விழுந்து இறக்கிறார்கள். ஆக, 1,100 பேரில் 2 மரணம். பத்தாண்டில் மூத்தவர்கள் மட்டும் 300 ஆகிறார்கள். இப்போது 1,300 பேரில் 4 மரணம். ஆயிரத்துக்கு 1.8 என்றிருந்த விகிதம் 3.1 ஆகிவிட்டது. ஆனால் எந்த வயதுக்காரருக்கும் ஆபத்து இம்மியளவும் கூடவில்லை!

சிங்கப்பூர்வாசிகளில் 65ஐ எட்டியவர்கள் 2010இல் 9 விழுக்காடு, 2020இல் 15.2. இவ்வளவு வேகமாக மூப்படையும் ஊரில் அந்த மூட்டைக்குள் இருப்பவர்களின் வயதும் மாறிக்கொண்டே இருக்கும்.

புதிதில் நான் இப்படியொரு விகிதத்தை வரைபடமாக்கி, சமூக மன்றம் ஒன்றில் "விழுந்து இறக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது" என்று பேசினேன். கேட்ட ஒருவர் தம் அம்மாவை ஈரச்சந்தைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து அவரே வந்து, "இப்ப நாற்காலியிலிருந்து எழவே அவங்களுக்குக் கைத்தாங்கல் வேணும்" என்றார். நடக்காமல் கால் வலுவிழந்துவிட்டது. விழுவதற்கு அதைவிடச் சுலபமான வழி வேறில்லை. சரி, ஐந்தைந்து வயதாகப் பிரியுங்கள், 85க்கு மேல் தனியாக வையுங்கள், அப்புறம் ஒரே வயதமைப்புக்குத் தரப்படுத்திவிட்டு, அதாவது எல்லா ஆண்டிலும் வயதுப் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டுவிட்டு, ஒப்பிடுங்கள்.

எலும்பு முறிவைத் தேடுவது

குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, வாரக்கணக்கில் படுத்து, நிமோனியாவில் இறந்தவரின் சான்றிதழில் முதல் வரி நிமோனியாவாக இருக்கும். கடைசி வரி வரை படியுங்கள். நோய்க்கும் மரணக் காரணத்துக்கும் குறியீடு தரும் அனைத்துலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் விழுதலுக்கான குறியீடுகள் டபிள்யூ00 முதல் டபிள்யூ19 வரை. எலும்பு முறிவுக்கான 'எஸ்' குறியீடு காயத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

சாலையையும் குளியலறையையும் கூட்டுவது

சாலையைக் கடக்கக் கூடுதல் நேரம் தரும் 'பச்சை மனிதன் பிளஸ்' வேறு, மூத்தோருக்கான 'ஈஸ்' திட்டத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் பொருத்தும் கைப்பிடி வேறு. சாலை மரணம் இறங்கி, வீட்டில் விழுந்து இறப்பது அதே அளவு ஏறினால், மொத்தம் அசையாது.

ஓராண்டு ஏற்றத்தைச் செய்தியாக்குவது

வேண்டாம். ஐந்தாண்டுச் சராசரி.