வியூஃபைண்டர் இல்லாத கமராவோடு யாழ்ப்பாண வெயிலில் படம் எடுப்பது எப்படி

என்னிடம் இருப்பது சோனி ஏ5100. 2014இல் வந்த கமரா. நான் வாங்கியது பாவித்த ஒன்று. சட்டைப்பைக்குள் போகாவிட்டாலும் கைப்பைக்குள் போகும். படத்தின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இதில் கிடையாது. முதுகில் உள்ள திரைதான் எல்லாம். நிக்கோன் இசட்30, சோனி இசட்வி-இ10, கனன் எம்200 வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். இப்படி ஒரு கமராவை வாங்கி வெயிலுக்குள் கொண்டுபோய்த் திணறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். லென்ஸ் மாட்டுவது, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை.

முதலில் பிடி

போனைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்தால் படம் ஆடும். பட்டியைக் கழுத்தில் மாட்டுங்கள். கமராவை முன்னே தள்ளி, பட்டி இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். முகத்துக்கும் திரைக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட இருக்கும்படி பட்டியின் நீளத்தைச் சரிசெய்துகொண்டால் போதும். பட்டியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவைக்கிறவர்கள் பலர். வியூஃபைண்டர் இல்லாத கமராவுக்கு அதுதான் மூன்றாவது கை.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: இந்தக் கமராக்களில் லென்ஸின் குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள்; வேகம் அதற்குக் குறையக்கூடாது. 50 மில்லிமீட்டருக்கு 1/80 அளவில் வரும். திரையைப் பார்த்து எடுக்கும்போது நான் அதை இரட்டித்து 1/160 வைக்கிறேன்.

வெயிலும் திரையும்: நான் பிழைவிட்ட இடம்

ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பை ஒட்டி, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வரும். மத்தியானம் 12.10 அளவில் ஒரு கம்பை நட்டுப் பார்த்தால் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். அப்படியான ஒரு நாளில்தான் கனடாவிலிருந்து வந்திருந்த மாமி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போனோம். மேலே சூரியன், கீழே வெள்ளை மணல், முன்னால் மினுங்கும் கடல். திரையில் என் முகமும் என் வெள்ளைச் சட்டையும்தான் தெரிந்தன.

மெனுவுக்குள் போய்த் திரையின் ஒளியைச் ‘சன்னி வெதர்’ என்ற அளவுக்கு ஏற்றினேன். அதன் பிறகும் வெயிலில் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கூட்டினேன். பிறகு எல்லோரும் சவுக்கு மர நிழலுக்கு வந்தோம். அதே திரை இப்போது கண்ணைக் கூசியது. படம்தான் வெளுத்துவிட்டது என்று நினைத்து எக்ஸ்போஷரைக் குறைத்தேன். இரவு வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், வெயிலில் எடுத்தவற்றில் மணலும் நெற்றிகளும் வெறும் வெள்ளை. நிழலில் எடுத்தவற்றில் முகங்கள் இருண்டு கிடந்தன. இருண்டவற்றை ஓரளவு தூக்கி எடுக்கலாம், புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் முகம் வரும். வெளுத்தவற்றில் மீட்பதற்கு ஒன்றும் இல்லை. மாமியாக்கள் மறுநாள் கொழும்புக்கு வெளிக்கிட்டார்கள்.

திரையின் வெளிச்சம் வேறு, படத்தின் வெளிச்சம் வேறு. இதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த ஒரு நாள் தேவைப்பட்டது. திரையைப் பார்த்து எதைச் சட்டகத்துக்குள் வைப்பது என்று தீர்மானியுங்கள். எவ்வளவு வெளிச்சம் என்று தீர்மானிக்காதீர்கள்.

அதற்கு மூன்று விஷயங்களை இப்போதே, வீட்டுக்குள் இருக்கும்போதே, சரிசெய்து வையுங்கள். சோனியில் ‘லைவ் வியூ டிஸ்பிளே’ என்பதைச் ‘செட்டிங் எஃபெக்ட் ஆன்’ என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எக்ஸ்போஷரை மாற்றுவது திரையில் தெரியவே தெரியாது. அடுத்தது ஹிஸ்டோகிராம். டிஸ்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் சின்னதாக ஒரு மலை உருவம் வரும். அந்த மலை வலது சுவரில் போய் முட்டி நின்றால் வெளுப்பு, இடது சுவரில் குவிந்தால் இருட்டு. மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, ஸீப்ரா. அதை 100+ என்று வைத்தால் வெளுக்கப்போகிற இடங்களில் வரிக்கோடுகள் ஓடும். எவ்வளவு வெயிலிலும் அந்த ஓட்டம் கண்ணுக்குப் படும். கடல் மினுக்கத்தில் கோடு வந்தால் விடுங்கள். முகத்தில் வந்தால் கோடு போகும்வரை குறையுங்கள்.

திரையே தெரியாத நேரத்துக்கு ஃபிலிம் காலத்துக் கணக்கு இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் எஃப்/16 வைத்தால், ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/100. இதையே எஃப்/8க்கு மாற்றினால் 1/400. கசூரினா, மணற்காடு மாதிரி வெள்ளை மணல் உள்ள இடத்தில் இன்னும் ஒரு படி குறைத்து 1/800. இதை மனுவலில் வைத்துவிட்டு, திரையில் ஆட்கள் நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள்.

நிழலுக்கு வந்ததும் ‘சன்னி வெதரை’ மறக்காமல் எடுத்துவிடுங்கள். பற்றரியையும் அது வேகமாகக் குடிக்கும். வெளியே போகும்போது இரண்டாவது பற்றரி இல்லாமல் நான் போவதில்லை.

கண்ணாடியில் தெரிவது உங்கள் சட்டை

திரையில் விழும் பிரதிபலிப்பில் பெரும்பங்கு உங்கள் உடுப்பிலிருந்து வருவது. வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கருநீலச் சட்டை போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஒரு சதம் செலவில்லாத வழி இது. கூடவே விளிம்பு வைத்த தொப்பி.

திரையில் ஒட்டும் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று வாங்கினேன். இரண்டாம் வாரமே சூட்டில் பசை இளகிவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கும் லூப் பெட்டி நல்லதுதான், வீடியோ எடுப்பவர்களுக்கு. ஆனால் அதை மாட்டினால் திரையைச் சரிக்க முடியாது; சின்னக் கமரா வாங்கியதன் பலனும் போய்விடும். என் தெரிவு கறுப்புக் குடை. வீட்டில் பெரியவர்கள் கொண்டுதிரியும் அதே குடைதான். கூட வருகிறவரிடம் கொடுத்துத் தலைக்கும் திரைக்கும் மேலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கால ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின் கண்ணாடியைப் பார்த்ததும் இதற்காகத்தான்.

நல்லூர்ச் சனத்துக்குள்

தேர் அன்று வீதியில் நிற்கும்போது முன்னால் உள்ளவர்களின் தலைக்கு மேலாகத்தான் எடுக்க வேண்டும். (கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை, நான் சொல்வது வெளிவீதி.) ஏ5100இன் திரை மேல்நோக்கி மட்டுமே திரும்பும், கீழ்நோக்கித் திரும்பாது. கமராவை உயர்த்தினால் திரை தெரியாது. வழி இதுதான்: கமராவைத் தலைகீழாகப் பிடியுங்கள். இப்போது திரையை இழுத்தால் அது உங்களைப் பார்த்துக் கீழே சரியும். ஷட்டர் பொத்தான் இடது கைப் பக்கம் அடியில் வரும். இடது பெருவிரலால் அழுத்தலாம். படம் தலைகீழாகப் பதிவாகியிருந்தால் வீட்டில் 180 பாகை திருப்பினால் சரி. வியூஃபைண்டர் உள்ள கமராக்காரர் அந்தச் சனத்துக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே முடியாது. இந்த ஒரு இடத்தில் நமக்குத்தான் வசதி.

சின்னப் பிள்ளைகளை எடுக்கும்போது திரையை மேல்நோக்கித் திருப்பி, கமராவை இடுப்பளவில் வைத்துக் குனிந்து பாருங்கள். உங்கள் முகம் மறையாது, பிள்ளை உங்களைப் பார்த்தே சிரிக்கும்.

இதற்கு நேர்மாறு பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி பார்க்கப் போனால், சூம் லென்ஸை 210 மில்லிமீட்டர் வரை இழுத்துவிட்டுத் திரையில் பட்டத்தைத் தேடாதீர்கள், வெறும் வானம்தான் வரும். 55இல் வைத்துப் பட்டத்தைப் பிடித்து, அதை நடுவில் வைத்தபடியே மெல்ல இழுங்கள். பண்ணைக் கடலேரிப் பக்கம் பறவை எடுக்கவும் இதே முறைதான். பறக்கும் பறவையைத் தொடர்ந்து எடுப்பதுதான் ஆசை என்றால், உள்ளதைச் சொல்கிறேன், வியூஃபைண்டர் உள்ள கமராவுக்குக் காசு சேருங்கள்.

பின்னர் சேர்த்தது

வாசித்துவிட்டு இருவர் கேட்டவை. ஒருவருக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. திரை மங்கலாகத் தெரிகிறது, கமராவில் பழுதோ என்று கேட்டார். பழுதில்லை, வெள்ளெழுத்துத்தான். வியூஃபைண்டரில் கண்ணுக்கேற்பத் திருப்பும் சில்லு இருக்கும், திரைக்கு அது கிடையாது. வாசிக்கும் கண்ணாடியும் தூரப்பார்வையும் ஒன்றாக உள்ள கண்ணாடி போட்டால் கீழ்ப்பாதியால் திரையையும் மேல்பாதியால் ஆளையும் பார்க்கலாம். அது இல்லாவிட்டால் பட்டியைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, குவியத்தைத் திரையில் தொட்டு வையுங்கள்.

மற்றவர், கமராவை நிறுத்திப் பிடித்தால் திரை கறுத்துவிடுகிறது, கிடையாகப் பிடித்தால் சரியாகிறது என்றார். அவர் போட்டிருந்தது போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி. திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே திசையில் அதிர்வது. அந்தக் கண்ணாடி ஒரு கோணத்தில் அதை விடும், குறுக்கே திருப்பினால் மறித்துவிடும். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கழற்றினார், தெரிந்தது.