விடுமுறைச் சம்பளம்: வருகை விதியை எழுதும் முறை

புதிதாக ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். விடுமுறைக்கு முதல் நாள் ஒருவர் சொல்லாமல் வரவில்லை, இன்னொருவர் மறுநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டார், இருவருக்கும் விடுமுறைச் சம்பளம், அதாவது அந்தப் பொது விடுமுறை நாளுக்கான சம்பளம், உண்டா? சம்பளம் போட உட்கார்ந்த பிறகு இதை யோசித்தால் ஆளுக்கொரு நியாயமாகிவிடும். முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முதலில் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தனியார் நிறுவனங்களை விடுமுறைச் சம்பளம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டமோ தொழில் நிறுவனங்களில் 4 தேசிய விடுமுறைகளையும் வேறு 5 நாட்களையும் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. சட்டம் தரச் சொன்னதை உங்கள் விதியால் குறைக்க முடியாது, கூட்டித் தரலாம்.

அடுத்தது வருகை நிபந்தனை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், விடுமுறைக்கு முன்பு குறிக்கப்பட்டிருந்த கடைசி வேலை நாளிலும் பின்பு வரும் முதல் வேலை நாளிலும் முழுமையாக வேலை செய்திருக்க வேண்டும், நியாயமான காரணம் இருந்தால் விலக்கு உண்டு. இதில் 'குறிக்கப்பட்டிருந்த' என்பதுதான் உயிர்நாடி. விடுமுறை வியாழக்கிழமை, ஒருவருக்குப் புதன்கிழமை வார ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது செவ்வாய்க்கிழமை வருகையை. முந்தைய தேதியை மட்டும் பார்க்கும்படி மென்பொருளை அமைத்துவிட்டால், ஓய்வில் இருந்தவர் சம்பளத்தை இழப்பார். அது பெரிய அநியாயம்.

விலக்குகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: அனுமதி பெற்ற லீவு, நோய், விபத்து, மகப்பேறு. பத்து நிமிடத் தாமதத்துக்காக ஒரு நாள் சம்பளத்தைப் பிடிப்பது என் பார்வையில் தவறு. சொல்லாமல் வராமல் இருப்பதைத் தடுக்கத்தான் இந்த விதி, அதற்கு மேல் இதை இழுக்காதீர்கள்.

வருகைப் பதிவேட்டில் விடுமுறை, வார ஓய்வு, அனுமதி பெற்ற லீவு, சொல்லாமல் வராதது, விடுமுறையில் வேலை செய்தது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். ஆண்டு லீவில் இருப்பவருக்கு நடுவில் பொது விடுமுறை வந்தால் அதை அவருடைய லீவுக் கணக்கில் கழிக்காதீர்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பைப் பற்றி இதையே சொல்கிறது.

சரி, விடுமுறையன்று வேலைக்கு வந்தவருக்கு? இரட்டைச் சம்பளம் என்பது உங்கள் விதியானால், தினக்கூலிக்காரருக்கு அந்த நாளுக்கு இரண்டு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் ஏற்கெனவே மாதத் தொகைக்குள் இருக்கிறது, அதனால் கூடுதலாக ஒரு நாள் சேர்த்தால் போதும். அந்த ஒரு நாள் எவ்வளவு? 26,000 மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் 1,000, 30ஆல் வகுத்தால் சுமார் 867. சட்டம் சொன்ன வகுஎண் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் ஒன்றை முடிவு செய்து, பிடித்தத்துக்கும் கூடுதலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். கூட்டும்போது 30, கழிக்கும்போது 26 என்று வைத்தால் ஊழியர்கள் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள்.

இரவு ஷிப்டையும் மறக்க வேண்டாம். முதல் நாள் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடுமுறையன்று காலை 6 மணிக்கு முடிந்தால், ஆறு மணி நேரம் விடுமுறைக்குள் வருகிறது. ஷிப்ட் தொடங்கிய தேதியா, மணிக்கணக்கா என்பதைச் சட்டத்தைப் பார்த்து விதியில் ஒரு வரியாகச் சேருங்கள்.

அப்புறம், ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைப் பட்டியலோடு இந்த விதியையும் எல்லாருக்கும் புரியும் மொழியில் கொடுங்கள். யாருக்காவது சம்பளத்தைப் பிடிக்க நேர்ந்தால், சம்பளப் பட்டியலை இறுதி செய்யும் முன்பு அவரைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.