பதினொரு அடுக்கு, ஒரே சேற்று நிறம்: அக்ரிலிக் அரூப ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் ஒரு பழைய கேன்வாஸ் இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பி அதன் விளிம்பைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும்: எலுமிச்சை மஞ்சள், அதன் மேல் வழிந்த மயில்நீலம், ஒரு கீற்று ஆரஞ்சு, அங்கங்கே கருநீலச் சொட்டுகள். முன்பக்கம் திருப்பினால் சாம்பலும் இல்லாத, பழுப்பும் இல்லாத ஒரு நிறம். மூலைக்கு மூலை அதேதான். பதினொரு அடுக்கு பூசிய ஓவியம் அது. அத்தனை அடுக்கும் விளிம்பில் மட்டும்தான் பிழைத்திருக்கின்றன. அடுக்கடுக்காக வரைபவர் செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு கேன்வாஸிலேயே இருப்பதால், தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் என்ன சேர்த்தேன் என்று பார்ப்பதில்லை. கீழே இருந்ததில் எதை மிச்சம் வைத்தேன் என்று பார்க்கிறேன்.

பாதி காய்ந்த நேரம்

அக்ரிலிக் என்பது நிறமித்தூளும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் சேர்ந்த கலவை. தண்ணீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. அடுக்குவேலைக்கு இது பெரிய வசதி. காய்ந்த ஆரஞ்சின் மேல் மெல்லிய நீலத்தை இழுத்தால் இரண்டும் தனித்தனிப் படலங்களாகவே இருக்கும்; ஆரஞ்சின் சூடு நீலத்தின் வழியே கசிந்து தெரியும். ஆரஞ்சு ஈரமாக இருக்கும்போதே நீலத்தை இழுத்தால் இரண்டும் ஒரே குழம்பாகிவிடும். எதிரெதிர் நிறங்கள் என்பதால் அந்தக் குழம்பு பழுப்பாகத்தான் வரும். என் கேன்வாஸின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஈரத்தோடு ஈரம் கலப்பதும் ஒரு முறைதான், அதில் தவறில்லை. முழு ஈரத்தில் வேலை செய்யலாம், முழுதாகக் காய்ந்ததும் செய்யலாம். நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வரும். தூரிகை வைத்தால் இழுபடும், படலம் கிழிந்து திட்டுத்திட்டாக உரியும். அந்த நேரத்தில்தான் நமக்குக் கை துறுதுறுக்கும், "இங்கே கொஞ்சம் சரிசெய்துவிடலாம்" என்று தோன்றும். எழுந்து போய்விடுங்கள். நான் இரண்டு மூன்று கேன்வாஸ்களில் ஒரே சமயத்தில் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது போதாது. புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய பூச்சு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். பேலட் கத்தியால் அப்பிய சில மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு அப்படியல்ல. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். அதன் மேல் ஹேர் டிரையரைச் சூடாகப் பிடித்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது வெடிப்பு விழும். மெல்லிய பூச்சுக்கு டிரையரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில். குளிருக்கும் ஒரு எல்லை உண்டு. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தப் பிளாஸ்டிக் துகள்கள் சரியாக ஒட்டுவதில்லை. படலம் வலுவில்லாமல் போகும்.

தண்ணீர் எவ்வளவு?

"தண்ணீர் ஊற்றினால் வண்ணம் ஒளிபுகும்படி ஆகிவிடும்" என்பது பாதி உண்மை. வண்ணம் மெலிகிறது, கூடவே அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையும் (அந்தப் பிளாஸ்டிக் துகள்கள்தான்) மெலிகிறது. வெறும் தண்ணீரில் மிகவும் கரைத்த அக்ரிலிக், வழவழப்பான ஒரு பூச்சின் மேல் காய்ந்தால் கிட்டத்தட்டத் தூள்தான் மிஞ்சும். அடுத்த அடுக்கை ஈரத் தூரிகையால் பூசும்போது அது கிளம்பி வந்து புது நிறத்தில் கலந்துவிடும். "நன்றாகக் காயவிட்டுத்தானே பூசினேன், எப்படிச் சேறானது?" என்று குழம்புபவர்கள் பலரும் மாட்டுவது இங்கேதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். காய்ந்த இடத்தை ஈரமான வெள்ளைத் துணியால் லேசாகத் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் பசை போதவில்லை. அடுத்த முறை தண்ணீரில் பாதியையாவது அக்ரிலிக் மீடியமாக (நிறமி சேராத அக்ரிலிக் பசை) மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பூசியாகிவிட்டது என்றால், மென்மையான தூரிகையில் மீடியத்தை எடுத்து, தேய்க்காமல் ஒரே இழுப்பாக மேலே பூசிக் காயவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசாத கேன்வாஸோ தடித்த காகிதமோ நீர்த்த வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிறமியை நூலிழைகளே பிடித்து வைக்கும். அமெரிக்க அரூப ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1952இல் பூச்சில்லாத கேன்வாஸில் நீர்த்த வண்ணத்தை ஊற்றி ஊறவைக்கத் தொடங்கியபோது அது டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணம். 1960களில் அவர் அக்ரிலிக்குக்கு மாறினார். நூலிழையை எண்ணெய் காலப்போக்கில் அரிக்கும், அக்ரிலிக் அப்படிச் செய்யாது. ஆகவே நீர்த்த, ஊறிய அடுக்கு வேண்டுமென்றால் அதை முதல் அடுக்காக வையுங்கள்.

வெள்ளையைத் தொடும் முன்

அடுக்குவேலையில் எந்த வண்ணம் ஒளிபுகும், எது புகாது என்று தெரியாமல் பூசுவது இருட்டில் நடப்பது மாதிரி. நல்ல டியூப்களில் ஒரு சிறு சதுரம் அச்சிட்டிருப்பார்கள். காலியான சதுரம் என்றால் ஒளிபுகும். முழுதாக நிரப்பியது என்றால் கீழே இருப்பதை மறைத்துவிடும். பாதி என்றால் இரண்டுக்கும் நடுவில். காட்மியம் சிவப்பு மறைக்கும். தாலோ நீலமும் குவினாக்ரிடோன் மஜந்தாவும் கண்ணாடிபோல நிற்கும். டைட்டானியம் வெள்ளை எல்லாவற்றையும் மூடும். ஜிங்க் வெள்ளை அந்த அளவுக்கு மூடாது.

ஒரு நீலப் பூச்சு அதிகக் கருமையாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கை தானாக டைட்டானியம் வெள்ளைக்குப் போகும். ஒரு சொட்டு கலந்ததும் அந்த நீலம் கண்ணாடியாக இருந்ததை விட்டுப் பாலாகிவிடும். கீழே இருக்கும் மூன்று அடுக்கும் பனிக்குள் போய்விடும். பனிதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அழகாகவே இருக்கும். நிறம் வெளிறினால் மட்டும் போதும் என்றால் வெள்ளையை விட்டுவிட்டு மீடியத்தைக் கூட்டுங்கள். தாலோ நீலத்துக்கு வேறொரு குணமும் உண்டு: கடுகளவு போட்டாலே மொத்தக் கலவையையும் விழுங்கிவிடும். கலவையில் அதைக் கடைசியாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

டியூபின் பின்புறம் இருக்கும் நிறமிக் குறியீட்டையும் படியுங்கள். பி.டபிள்யூ. 6 (PW6) என்றால் டைட்டானியம் வெள்ளை. ஒரே குறியீடு இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று இருந்தால் அது தொழிற்சாலையிலேயே கலந்த வண்ணம். இப்படி மூன்று நிறமி உள்ள பச்சையை, மூன்று நிறமி உள்ள ஊதாவோடு சேர்த்தால் ஆறு நிறமிகள் மோதிக்கொள்கின்றன. சேறு வராமல் வேறென்ன வரும்?

ஈரத்தில் பார்த்து முடிவெடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. பிளாஸ்டிக் துகள்கள் மிதக்கும் அந்தப் பால் ஈரமாக இருக்கும்போது வெளுப்பாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் நிறம் காய்ந்தபின் ஒரு படி கருத்துத் தெரியும். எனக்குக் கைகொடுக்கும் ஒரு வழி: ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் அந்த வண்ணத்தைப் பூசிக் காயவைத்து, ஓவியத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம், ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது. கலவை நிறத்தை மட்டுமல்ல, அந்த அடுக்கை எங்கே நிறுத்துவது என்பதையும் இதில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

மேட் மீடியம் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பைக் குறைக்க அதில் சேர்க்கும் பொருள், அடுக்குகள் கூடக்கூட மங்கலாகும். ஐந்தாறு பூச்சுக்குப் பிறகு தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். உள் அடுக்குகளுக்குப் பளபளப்பான கிளாஸ் (gloss) மீடியம் போடுங்கள். மேட் வேண்டுமென்றால் கடைசி வார்னிஷில் பார்த்துக்கொள்ளலாம்.

விளிம்பிலிருந்து விளிம்புவரை

என் கண்ணில் பெரிய தவறு இதுதான்: ஒவ்வொரு அடுக்கையும் கேன்வாஸ் முழுவதும் பூசுவது. முதல் அடுக்கு முழுதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இரண்டாவதும் முழுசு, மூன்றாவதும் முழுசு என்றால் நான்காவதில் பார்ப்பவருக்கு நான்காவது மட்டும்தான் தெரியும். அப்புறம் எதற்கு அடுக்கு? சுவருக்கு அடித்தமாதிரி ஒரே கோட் அடித்திருக்கலாம்.

ஒரு அடுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். கண்டிப்பான விதி இல்லை, மீறும்போது "மீறுகிறேன்" என்று தெரிந்தால் சரி. பெரிய ஒளிபுகா வடிவம் ஒன்றைப் பூசும்போது நடுவில் ஜன்னல் மாதிரி இடைவெளிகளை விட்டுவிடுவேன்; கீழே இருக்கும் கலவரம் அந்த ஜன்னல்களில் மட்டும் தெரியும். மூடிய இடத்தின் அமைதிதான் ஜன்னலுக்கு மதிப்பைத் தருகிறது.

பூசியதை எடுக்கவும் பழக வேண்டும். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் தெளித்து, சில நொடி விட்டுத் துணியால் ஒற்றினால் கீழடுக்கு புள்ளிபுள்ளியாகத் திரும்பி வரும். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஸ்க்வீஜி எனும் பெரிய தட்டைப் பட்டையால் வண்ணத்தை இழுத்துக் கீழடுக்குகளை வெளிக்கொண்டு வருவது புகழ்பெற்ற முறை. அவர் அதைச் செய்தது எண்ணெய் வண்ணத்தில், நேரம் தாராளம். அக்ரிலிக்கில் நமக்குச் சில நிமிடங்கள்தான், அதனால் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வண்ணத்தை ஊற்றுங்கள். காய்ந்துவிட்டால் ஆல்கஹால் தோய்த்த துணி படலத்தை இளக்கும் (ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பு அருகில் வேண்டாம்). இல்லாவிட்டால் உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்கக் கூடாது. காட்மியம் போன்ற நிறமிகள் மூச்சில் போவது நல்லதல்ல. அந்தப் பதினொரு அடுக்கு கேன்வாஸின் ஒரு மூலையை இப்படித் தேய்த்துப் பார்த்தேன். நாலாவது அடுக்கின் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. பூசும்போது அது அவ்வளவு அழகாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

மாஸ்கிங் டேப் ஒட்டிக் கூர்மையான கோடு எடுப்பவர்களுக்கு டேப்பின் அடியில் வண்ணம் கசிவது தீராத தலைவலி. டேப்பை ஒட்டியதும் அதன் ஓரத்தில், கீழே இருக்கும் அதே நிறத்தையோ தெளிந்த மீடியத்தையோ முதலில் பூசுங்கள். கசிவது அதுவாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காய்ந்ததும் புது நிறத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.

இவ்வளவு நேரம் "மிச்சம் வையுங்கள்" என்றேன். அதிலும் ஒரு பொறி உண்டு. மூன்றாவது அடுக்கில் எதேச்சையாக ஒரு மூலை அற்புதமாக அமைந்துவிடும். அதை விட மனம் வராது. மற்ற எல்லா அடுக்கும் அந்த மூலையைச் சுற்றிச்சுற்றிப் போகும். கடைசியில் மொத்த ஓவியமும் அந்த ஒரு சாண் இடத்துக்குக் காவல்காரனாக நிற்கும். இப்போதெல்லாம் அப்படி ஒரு மூலை வந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, துணிந்து மேலே பூசிவிடுகிறேன். பாதி சமயம் வருத்தப்படுகிறேன், அது வேறு விஷயம்.

போட்டோ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பத்து நிறம் போட்டிருந்தும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பிரச்சினை நிறத்தில் இல்லை. வெளிச்சமும் இருளும் போதவில்லை. அடுத்த அடுக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

சின்னதாகத் தெரியும், பிறகு படுத்தும்

எண்ணெய் வண்ணம் பூசிய பழைய கேன்வாஸ் மேல் அக்ரிலிக் பூசாதீர்கள். பிடிக்காது, நாளடைவில் உரியும். தலைகீழாகச் செய்தால் சரி: காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் போகலாம். தெளிந்த ஜெல்லை (கெட்டியான மீடியம்) கனமாகப் போடப் போகிறீர்கள் என்றால், அடியில் இருக்கும் துணி அல்லது மரப்பலகையின் கறை தண்ணீரோடு மேலேறி ஜெல்லை மஞ்சளாக்கும். முதலில் அந்தப் பரப்பைத் தகுந்த மீடியத்தால் அடைத்துவிட வேண்டும். தூரிகையில் அக்ரிலிக் காய்ந்தால் அந்தத் தூரிகையை மறந்துவிடலாம். முடிந்த ஓவியங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைக்காதீர்கள். அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக வார்னிஷ். மெல்லிய பூச்சுகளுக்கு ஒன்றிரண்டு வாரம், கனமானவற்றுக்கு அதைவிட நிறையக் காலம் விட்டுத்தான் போட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் வார்னிஷ் மங்கலாகப் புகை படிந்தது போல ஆகிவிடும். வார்னிஷுக்கு முன்னால் நீர்த்த கிளாஸ் ஜெல்லால் நிரந்தரமான ஒரு காப்புப் பூச்சு கொடுப்பது நல்லது. பல வருடம் கழித்து அழுக்கேறிய வார்னிஷை யாராவது கரைத்து எடுத்தால், அந்தக் கரைப்பான் உங்கள் அடுக்குகளைத் தொடாது. கையெழுத்தையும் அந்தக் காப்புப் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வார்னிஷ் மேல் போட்டால், வார்னிஷ் போகும்போது உங்கள் பெயரும் கூடவே போய்விடும்.