பூஞ்சணம் பிடித்த வீட்டை மலிவு என்று வாங்க முன்

கனடாவுக்கு வந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லுவார்: "தம்பி, டொரொன்டோவில, ஸ்கார்பரோப் பக்கம் ஒரு வீடு மலிவா வருது. கீழ பேஸ்மென்ட்டில, அந்த நிலத்தடித் தளத்தில, கொஞ்சம் பூஞ்சணம்தான், கழுவிப் பெயின்ட் அடிச்சு வாடகைக்கு விட்டால் மோர்ட்கேஜ் கடன் தன்பாட்டில கட்டுப்படும்." நல்ல மனதோடுதான் சொல்லுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நம்பித்தான் என் மச்சானும் வாங்கினார்.

கார்பெட்டைக் கிளப்பி, ட்ரைவால் என்ற உட்சுவர்ப் பலகையை உடைத்துப் பார்த்தால் இடுப்பளவுக்குக் கறுப்பு. எல்லாவற்றையும் அகற்றிப் புதுச் சுவர் வைத்தார். அடுத்த ஏப்ரலில் பனி கரைந்தது, அதே மணம் திரும்பி வந்தது. ஏனென்றால் அவர் செலவழித்தது பூஞ்சணத்துக்கு, தண்ணீருக்கு இல்லை. கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, நிலம் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது, அத்திவாரத்தில் ஒரு வெடிப்பும் இருந்தது. கடைசியில் வெளிப்பக்கம் தோண்டி நீர் புகாமல் அடைத்த செலவில், மலிவாக வாங்கிய லாபம் முழுவதும் போய்விட்டது.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது பூஞ்சணத்தைத் தேடாதீர்கள், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். பேஸ்மென்ட்டில் மட்டும் புதுப் பெயின்ட், எல்லா மூலையிலும் வாசனைத் திரவியம், கொங்கிரீட்டில் உப்புப் பூத்த வெள்ளைப் படிவு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் அடியில் துரு, இதெல்லாம் பேசும். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கையும் விடாதீர்கள், குளியலறை ஃபேனின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் அட்டிக்குள்ளேயே விட்ட வீடுகளில் கூரைப் பலகை கறுத்துப்போயிருக்கும். வாங்க முன் வீட்டைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார், கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவார். போட்டிக்கு ஆள் நிற்கிறது, பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்ற இன்ஸ்பெக்ஷன் நிபந்தனையை ஆஃபரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், இப்படிப்பட்ட வீட்டில் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன வகைப் பூஞ்சணம் என்று பரிசோதிக்கக் காசைக் கொட்டவும் வேண்டாம். எந்த வகையானாலும் அகற்றி, ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா சொல்வது. சின்ன இடம் என்றால் சோப்புத் தண்ணீர் போதும், ப்ளீச் தேவையில்லை. பெரிய பரப்பு என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். 1990க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், சுவரை உடைக்க முன் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். நீங்கள் குடியிருக்காமல் முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதென்றால் பொதுவாகக் குறைந்தது 20 சதவீதம் முற்பணம் வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் பூஞ்சணத்தைக் கண்டு எழுதிவிட்டால் கடனே நின்றுபோகலாம். பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிகள் பூஞ்சணத்தை ஏற்பதில்லை. சாக்கடைத் தண்ணீர் திரும்பி வருவதற்கான காப்புறுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். திருத்திவிட்டு உடனே விற்கலாம் என்றால், 2023 ஜனவரி 1 முதல், வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்கும் வீட்டின் லாபம், சில விதிவிலக்குகள் தவிர, வியாபார வருமானமாகவே வரி கட்டப்பட வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் மனம் நோகிற விஷயம் வேறு. அந்த பேஸ்மென்ட்டுக்கு வாடகைக்கு வருவது யார்? போன மாதம் வந்து இறங்கிய நம்முடைய இன்னொரு குடும்பம்தான், கைக்குழந்தையோடு. ஆஸ்துமா உள்ள பிள்ளை அந்தக் காற்றில் படுத்துறங்கினால் இரவு முழுக்க இருமும். ஒன்டாரியோவின் 2006 வாடகைச் சட்டம் 20ஆம் பிரிவின்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. 'தெரிந்துதானே வந்தீர்கள்' என்ற பேச்சு அந்தச் சட்டத்தின் முன் எடுபடாது. வாடகையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

முதல் வீடே இப்படி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இல்லை, வாங்கத்தான் போகிறேன் என்றால், நீர் புகாமல் அடைப்பவரை முதலில் கூட்டிக்கொண்டுபோய் விலை எழுதி வாங்குங்கள், அந்தத் தொகையைக் கழித்துவிட்டு ஆஃபர் வையுங்கள். அப்புறம், பெருமழை பெய்த மறுநாள் காலையில் இன்னொரு தரம் போய் பேஸ்மென்ட்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.