சென்னை–சிங்கப்பூர் விமான தூரமும் பயண நேரமும்: நாமே கணக்கிடுவது எப்படி?

கூகுளில் தேடினால் தளத்துக்குத் தளம் ஒரு விடை சொல்லும். நாமே கணக்குப் போட ஐந்து நிமிடம் போதும்.

படி 1: குறியீடு

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: சென்னைக்கு எம்ஏஏ (MAA), சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு எஸ்ஐஎன் (SIN). டிக்கெட்டிலேயே இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். டோக்கியோ என்றால் நரிதா விமான நிலையமா, ஹனேடா விமான நிலையமா என்பது முக்கியம்.

படி 2: தூரம்

கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் சிறு கோடு போட்டுத் தட்டுங்கள். சுமார் 2,920 கி.மீ. வரும். பழங்காலத் தோற்றம்தான், ஆனால் விளம்பரம் நிரம்பிய மற்ற தளங்களை விட எனக்கு இதுவே பிடிக்கும். விடை மைலில் வந்தால் 1.609 ஆல் பெருக்குங்கள். கடல் மைல் என்றால் 1.852.

படி 3: உத்தேச நேரம்

தூரத்தை 850 ஆல் (விமானத்தின் உத்தேச வேகம், மணிக்கு கி.மீ. கணக்கில்) வகுங்கள். மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஏற, இறங்க, ஓடுபாதை வரை ஊர்ந்து போக என்று அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்த்தால் நாலு மணி சொச்சம்.

படி 4: டிக்கெட்டோடு சரிபார்ப்பது

சறுக்குகிற இடம் இதுதான். இரவு 11.15க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கழித்தால் 6 மணி 45 நிமிடம்! படி 3இல் வந்ததோ நாலு மணி. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால்தான் இந்த வித்தியாசம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

போகும்போது கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கட்டாயம் குழம்பும். இரண்டு நேரத்தையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். சாங்கியில் காலை 6.00 என்றால் நமக்கு 3.30. இரவு 11.15 முதல் 3.30 வரை நாலேகால் மணி. முடிந்தது. திரும்பும்போது காலை 8.00க்கு ஏறி 9.45க்குச் சென்னையில் இறங்கினாலும் இதே முறைதான்: 8.00 என்பது நமக்கு 5.30, ஆக அதே நாலேகால்.

பின்சேர்க்கை: லண்டனுக்குக் கணக்கு ஒரு மணி நேரம் இடிக்கிறது என்று கருத்துப் பெட்டியில் சிலர் எழுதியிருந்தார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை.

இன்னொன்று: படி 3 எல்லா வழித்தடத்துக்கும் பொருந்தாது. ஹெல்சின்கி–டோக்கியோ நேர்வழி 7,800 கி.மீ.க்குச் சற்று மேல். நம் கணக்குப்படி பத்து மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு பின்லாந்தின் ஃபின்னேர் விமானம் சுற்றிப் போகிறது, சுமார் 13 மணி நேரம் ஆகிறது. இந்த மாதிரி தடங்களுக்குக் கணக்கை விட்டுவிட்டு, விமானங்களைப் பின்தொடரும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு, முந்தைய நாட்களில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பார்த்துவிடுங்கள்.