சைக்ளோகிராஸ் சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லையா?

சேறு, மண் தடப் பந்தயத்துக்கான இந்த சைக்கிளில் கான்டிலீவர் பிரேக் (சக்கரத்தின் இருபுறமும் உள்ள இரண்டு பிரேக் கைகளை மேலிருந்து ஒரு கேபிள் இழுக்கும் வகை) இருந்தால், முதலில் ரிம்மை, அதாவது கட்டை உரசும் சக்கர விளிம்பை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பிரேக் கட்டையின் பளபளத்த மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து, பதிந்திருக்கும் அலுமினியத் துகள்களை ஊசியால் கிளறி எடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

மீதி, இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும் ஸ்ட்ராடில் கம்பியில் இருக்கிறது. அதன் நடுக்கொக்கி உயரே இருந்தால் லீவர் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கொக்கியைக் கீழே இறக்க இறக்கப் பிடிப்பு கூடும். லீவர் பஞ்சுபோல் அமுங்குவது குறையல்ல. ஆனால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் கட்டைகளை ரிம்முக்கு இன்னும் நெருக்குங்கள். கொக்கியை டயருக்கும் அதில் ஒட்டும் சேற்றுக்கும் இடம் விட்டே இறக்க வேண்டும். லீவரிலிருந்து வரும் முதன்மைக் கேபிள் அறுந்தால் இந்த ஸ்ட்ராடில் கம்பி டயரில் சிக்கி ஆளையே தூக்கிப் போடும், ஆகவே நைந்த கேபிளை உடனே மாற்றுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அதிர்ந்தால், கட்டையின் முன்முனை 1 மி.மீ. முந்தித் தொடுமாறு சாய்த்து வையுங்கள். அப்படியும் அதிர்வு நிற்காவிட்டால், கேபிளின் உறை வந்து முடியும் தாங்கியை ஃபோர்க் தலையிலேயே (முன்சக்கரக் கவையின் மேற்பகுதியில்) பொருத்துவதுதான் வழி.

இதற்கு மேலும் வேண்டுமானால் 80–90 மி.மீ. கையுள்ள மினி வி-பிரேக் (கேபிள் பக்கவாட்டில் இழுக்கும் வி-பிரேக்கின் குட்டை வடிவம்) வாங்கலாம். முழு நீள வி-பிரேக் வளைந்த ஹேண்டில்பாரில் வரும் சாதாரண ரோடு லீவருக்கு ஒத்துவராது.